ஒரே மாத்திரை, இரண்டு விலை

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகை போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கடையில் ஆள் நின்றதால் வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, நாலு பேருக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பிறகுதான் பிரித்தேன். உன் அப்பா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். பெண்ணின் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர், கூப்பிடுவதற்குச் சுலபமாக இருக்கிறது. நீ புனேக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பண்டிகைக்குப் பண்டிகை போனில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் நீ கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆகிற பிள்ளைக்கு எழுதுகிற கடிதம் மாதிரி இது இருக்காது. ஆனாலும் உன் கல்யாணத்துக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. அதற்கு வந்து சேர கொஞ்ச நேரம் ஆகும், பொறுத்துக்கொள்.

உன் அப்பா பென்னலூர் லேத் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். என் கையில் இருந்தது ஒரு பார்மசி டிப்ளமாவும், தனியார் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பத்து வருஷம் நின்ற கால்வலியும்தான். 2008-இல், சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோக்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஒரகடத்தில் கடை போட்டேன். அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் என்று தெற்கேயிருந்து வயசுப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். ஒரு அறைக்கு ஆறு பேர், எட்டு பேர் என்று தங்கினார்கள். ஷிப்ட் விட்டு வரும்போது தலைவலிக்கும் கால்வலிக்கும் வயிற்றுவலிக்கும் என் கடைக்குத்தான் வந்தார்கள். கடை நன்றாக ஓடியது.

அது எப்படி ஓடியது என்பதை உன்னிடம் ஒருநாளும் நான் வாய்திறந்து சொன்னதில்லை. நீயாகக் கண்டுபிடித்தாய். அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கிற விலை ஒன்று, அதே அட்டையைக் கடைக்காரருக்குத் தருகிற விலை வேறு. பேர்போன கம்பெனி மருந்தில் இந்த வித்தியாசம் கொஞ்சம்தான். பெயர் தெரியாத ஜெனரிக் மருந்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சல்லிசாக வாங்கி, அச்சடித்த விலைக்கே விற்கலாம், சட்டம் ஒன்றும் கேட்காது. நான் அப்படித்தான் விற்றேன். உன் இன்ஜினியரிங் படிப்பும் அதில்தான் நடந்தது. உன் மேல் பாரத்தைத் தூக்கி வைப்பதற்காக இதை எழுதவில்லை. புருஷன் போன பொம்பளை, பிள்ளையைப் படிக்க வைக்கிறாள், இதில் என்ன தப்பு என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பில்லாத ஒன்றை யாரும் தினமும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

நீ படிப்பு முடித்து, ஒரகடத்திலேயே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்தாய். ஒரு போல்ட் வாங்குவதென்றாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டு, மற்ற கம்பெனிகள் என்ன விலைக்கு வாங்குகின்றன என்று விசாரித்து, பேசிக் குறைப்பது உன் வேலை. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று கூப்பிட்டாய்.

"அம்மா, இங்க வந்து பாரேன்."

"இன்னாடா?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கெல்லாம் மருந்து வாங்குறாங்கல்ல, அந்த டெண்டர் ரேட்டு. எந்த மருந்து, எத்தன மில்லிகிராம், எந்தக் கம்பெனி குடுக்குது, இன்னா வெலைக்குக் குடுக்குது, எல்லாமே போட்டிருக்காங்க."

"யார் வேணா பாக்கலாமா?"

"பூட்டே இல்லமா. நம்ம காசுல வாங்குறாங்க, நமக்குச் சொல்றாங்க. நாமதான் போய்ப் பாக்கறதில்ல."

நான் எட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே என் அலமாரியில் இருந்த அதே மருந்து, அதே கம்பெனி. அரசாங்கம் ஒரு அட்டைக்குக் கொடுத்த காசில் நம் எதிர்க்கடையில் ஒரு டீ குடிக்க முடியாது. நான் விற்ற விலையில் நாலு பேர் டிபனே சாப்பிடலாம். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாய். அரசாங்கம் லாரி லாரியாக வாங்குகிறது, அந்த விலைக்கு நமக்குக் கிடைக்காது, அது தெரியும். ஆனால் இந்த விலை கையில் இருந்தால் எங்கேயிருந்து பேச ஆரம்பிக்கலாம் என்று தெரியும். பத்து ஹாஸ்டல் பிள்ளைகளைச் சேர்த்து, மாசாமாசம் மருந்து எடுக்கிறவர்களுக்கு மொத்தமாக ஒரே ஆர்டர் போடலாம். "போல்ட்டுக்கு பாக்கற கணக்க மாத்திரைக்கு ஏம்மா பாக்கக் கூடாது?" என்று கேட்டாய். உன் கண்ணில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நாலைந்து ஞாயிறு உட்கார்ந்து நீ ஒரு பட்டியல் தயார் செய்தாய். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா. மருந்தின் பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அரசாங்கம் வாங்கும் விலை, அதற்குப் பக்கத்தில் கடை விலை. என்னிடம் கேட்காமலேயே அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாய். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் பார்த்தது நான்தான். ஆட்டோவுக்கு நின்ற இரண்டு பேர் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்து கிழித்தேன். ஈரத்துணி போட்டுத் தேய்த்தும் பசை போகவில்லை. நீ வந்து பார்த்து, "நான் உன்ன அசிங்கப்படுத்த ஒட்டலமா" என்றாய். "வேற எதுக்கு ஒட்டுன? பெத்தவள திருடின்னு ஊருக்குச் சொல்றியா?" என்று கத்தினேன். திருடி என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவே இல்லை. நானாகச் சொன்னதுதான்.

இசக்கியைப் பற்றி இப்போது எழுத வேண்டும். நம் கடைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் இருந்த ஹாஸ்டல் பிள்ளை, இசக்கியம்மாள். தூத்துக்குடி பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவரின் மூத்த மகள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றாள். சின்ன வயசிலிருந்தே வலிப்பு. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. நம் கடையிலிருந்து இரண்டு கடை தள்ளி இருந்த கிளினிக்கில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை என்னிடம் வாங்கினாள். பேர்போன கம்பெனி, விலை கூட. அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்குமே என்று நீதான் அவளிடம் சொன்னாய். "அங்கன போனா ஒரு நாளு லீவு போடணும்லா அண்ணே. லீவு போட்டா அட்டண்டன்ஸ் போனஸ் போயிரும்" என்று சிரித்தாள். மாசத்துக்கு மூன்று அட்டை வேண்டியவள் ஒன்றரை அட்டை வாங்குவாள். "மிச்சத்த சம்பளம் வந்ததும் வாங்கிக்கிடுதேன்மா" என்பாள். வாங்க வர மாட்டாள். எனக்குத் தெரியும், தம்பி. ஒன்றரை அட்டை எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா?

நீ கேட்டாய். உன் பட்டியலில் அவள் மாத்திரை இருந்தது. அதே மருந்து ஜெனரிக்காக நம் அலமாரியிலேயே இருந்தது. "இத நீ வாங்குன வெலைக்கே அவளுக்குக் குடேன்மா." நான் சொன்னேன், "வலிப்பு மாத்திரைய கம்பெனி மாத்தக் கூடாதுடா. டாக்டர கேக்காம மாத்துனா ஃபிட்ஸ் வந்துரும்." அது பொய்யில்லை, படித்ததுதான். "அப்ப டாக்டர கேட்டுச் சொல்லு" என்றாய். சரி என்றேன். கேட்கவில்லை. இரண்டு கடை தூரம் நடக்க எனக்கு நாலு மாசம் கிடைத்தது. ஒருநாளும் நடக்கவில்லை. பாதி உண்மை கையில் இருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவ்வளவு சுலபம். கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு நான் சொல்ல ஒரு புத்திமதி இருக்குமானால் இதுதான். கேட்க வேண்டியதை அன்றைக்கே போய்க் கேட்டுவிடு. நாளைக்கு என்று நீ தள்ளுவதில் வேறு யாருடைய நாளோ போய்விடும்.

ஒரு காலை ஷிப்டுக்குக் குளிக்கப் போன இடத்தில் அவளுக்கு வந்துவிட்டது. குளியலறையில் விழுந்ததில் தலை சிமெண்டுத் தொட்டியில் அடித்திருக்கிறது. வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததாம். கதவை உடைத்து எடுத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானம் அவளோடு தங்கியிருந்த இரண்டு பிள்ளைகள் கடைக்கு வந்து சொன்னார்கள். "ஒரு நாள் விட்டு ஒரு நாளுதான் மாத்திர போட்டா" என்று அதில் ஒருத்தி சொல்லும்போது நீ என் பக்கத்தில்தான் நின்றாய்.

மறுநாள் அவள் அப்பா வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பிள்ளையின் பெட்டியில் நம் கடைக் கவர்கள் இருந்ததால் தேடி வந்திருந்தார். கடைப் படியில் ஏறாமல் கீழேயே நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம் மவ மாத்திர ஒழுங்காச் சாப்பிட்டாளாம்மா?"

"சாப்ட்டா ஐயா. ஒழுங்கா வாங்கினு போவா" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நீ அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, சோற்றில் கை வைத்துவிட்டுக் கேட்டாய். "ஏம்மா அப்டிச் சொன்ன?" "பொண்ண பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன்கிட்ட வேற இன்னாடா சொல்றது?" "அவருக்காகவா சொன்ன?" நான் எழுந்துபோய்க் குழம்புச் சட்டியை எடுத்து வந்தேன். நீ மறுபடி கேட்கவில்லை. இரண்டு மாசத்தில் புனே கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். போகும்போது என் காலில் விழுந்து கும்பிட்டாய். அதற்கு நீ என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

நீ போன மறுவாரம் நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். டாக்டரிடம் கேட்டேன், வலிப்பு மாத்திரையை ஜெனரிக்குக்கு மாற்றலாமா என்று. "தாராளமா மாத்தலாமே. இஷ்டத்துக்கு மாத்தி மாத்திக் குடுக்காம ஒரே கம்பெனியா குடுங்க, நான் மருந்துப் பேர எழுதித் தரேன், முதல் மாசம் கொஞ்சம் கவனிச்சிக்கலாம்" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து கடையைப் பாதி மூடிவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டேன். உன் அப்பா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை நீ பார்க்கவில்லை. பிரவுசிங் சென்டரில் வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டு அந்த அரசாங்கப் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். புது டெண்டர் விலை போடும்போதெல்லாம் அச்செடுத்து, நீ எழுதிய மாதிரியே தமிழில் எழுதி ஒட்டினேன். சப்ளை செய்கிறவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், கவர்மென்ட்டு லாரி லாரியா வாங்குது. நீங்க அட்ட அட்டயா வாங்கிகினு அந்த வெலய பேசுனா எப்டி?" என்று எகிறினார். "அந்த வெல வேணாம்ப்பா. அதுக்கு மேல உனக்கு இவ்ளோ எனக்கு இவ்ளோன்னு நாயமா வெச்சி ஒரு வெல சொல்லு. ஆறு ஹாஸ்டலு சேந்து வாங்குது" என்றேன். பேசியது நீதான், வாய் மட்டும்தான் என்னுடையது. இறங்கி வந்தார். முதலில் பிள்ளைகள் நம்பவில்லை. "இவ்ளோ கம்மியா இருக்கு, டூப்ளிகேட்டா அக்கா?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் பட்டியலைக் காட்டி, பெரிய ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தும் இதுதான் என்று விளக்கினேன். இப்போது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்துகூட ஆள் வருகிறது. மற்ற கடைக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. எனக்கு ஒருத்திக்கு அது போதும். மூன்று அட்டை வேண்டியவள் மூன்று அட்டை வாங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் மனசு நிறையும் என்று நினைத்திருந்தேன். நிறையவில்லை. ஒவ்வொரு முறையும் இது அப்போதே முடிந்திருக்குமே என்றுதான் தோன்றுகிறது.

பத்திரிகை வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். உன் கல்யாணத்தில் வந்து நிற்பதற்கு முன்னால் அந்த மனுஷரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் உன் முகத்தை நேராகப் பார்க்க முடியும் என்று தோன்றியது. ஹாஸ்டலில் விலாசம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன். தூத்துக்குடியில் இறங்கி வேறு பஸ் மாறி, வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்திகளுக்கு நடுவே இருந்த அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். அவர் மனைவி காபி கொடுத்தார். இரண்டாவது பெண் படித்துவிட்டு நர்ஸாக இருக்கிறாளாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை அட்டை, கிழித்த பட்டியல், கேட்காமல் விட்ட டாக்டர், அவரிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் உப்பில் வெடித்த தன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகப் பேசினார்.

"எனக்கு அவ போன்ல சொன்னாம்மா. 'மாத்திர வெல கூடயா இருக்குப்பா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுதேன்'னு. சின்னவளுக்கு காலேஜ் பீசு கட்ட வேண்டிய நேரம். நாந்தான் சொன்னேன், 'இந்த ஒரு மாசம் சமாளி தாயீ'ன்னு. அதான் அன்னைக்கி ஒங்கட்ட வந்து கேட்டேன். நீங்க ஒழுங்காச் சாப்பிட்டான்னீக. சரி, பிள்ள எம் பேச்சக் கேக்கல, நல்ல வேளன்னு நெனச்சேன். அத வச்சித்தான் இம்புட்டு நாளும் ஒறங்குனேன்."

 அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஒங்க மவனும் அப்படித்தானே சொன்னாரு?"

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நீ அங்கே மூன்று தடவை போயிருக்கிறாய். சின்னவளுக்கு நர்ஸ் வேலை கிடைக்க வழி காட்டியிருக்கிறாய். முதல் தடவை போனபோதே அவர் உன்னிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். "ஒழுங்கா சாப்ட்டாங்க ஐயா, எங்க கடையிலதான் வாங்குனாங்க, எனக்குத் தெரியும்" என்று நீ சொல்லியிருக்கிறாய். எந்தப் பொய்க்காக என்னை விட்டுப் போனாயோ, அதே பொய்யை அவர் எதிரில் உட்கார்ந்து நீயும் சொல்லியிருக்கிறாய். நீ அவருக்காகச் சொன்னாய். அதை நான் போய் உடைத்துவிட்டு வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு என் நெஞ்சுப் பாரத்தைத் தூக்கி அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டேன். அவர் தூக்கத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், தம்பி. நான் செய்த எல்லாவற்றிலும் இதுதான் பெரிய தப்பா, இல்லை இதுதான் நான் செய்த ஒரே சரியான காரியமா, எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்றால் நீயும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

அவர் என்னைத் திட்டவில்லை. பஸ் வரைக்கும் கூட வந்தார். வழியில், சம்சாரத்துக்கு வாங்கும் சர்க்கரை மாத்திரையை டவுசர் பையிலிருந்து எடுத்துக் காட்டி, இதற்கு நியாயமான விலை என்ன என்று கேட்டார். மருந்தின் பெயரைப் படித்து, என்னவென்று கேட்டு வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை மடித்து வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி நம்பரு மாறலையே?" என்று கேட்டார். மாறவில்லை என்றேன்.

அவர் உன்னைக் கூப்பிடுவார். நாளைக்கோ அடுத்த வாரமோ தெரியாது. என்ன கேட்பார் என்றும் எனக்குத் தெரியாது. எடுத்துப் பேசு. அவர் அழுதால் அழ விடு, போனை வைக்காதே. ஒரு மாசம் சமாளிக்கச் சொன்ன தகப்பனுக்கு என்ன சொல்ல முடியும் என்று நான் பஸ்ஸில் உட்கார்ந்து ஊர் வரும்வரை யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. உனக்குத் தோன்றலாம். நான் இன்னும் புனேவுக்கு டிக்கெட் எடுக்கவில்லை. அவரிடம் பேசி முடித்த பிறகு, என்னை வரச் சொல்ல உனக்கு மனசு இருந்தால் சொல். கிளம்பி வருகிறேன்.

அம்மா